பானட்டைத் தூக்கின பிறகுதான் பொண்ணு இறங்கணும்

1

போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தினார், சாவியைத் திருப்பினார், உருவிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியும் விட்டார். வண்டி மட்டும் டக டக டகவென்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர் பாவம், சாவியைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நாற்பது வயசைத் தாண்டின வண்டி அம்மா அது, லேப்டாப்பைச் சொருக அதில் ஓட்டை ஏது?

நான் கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். பானட்டைத் தூக்கி, எஞ்சின் ஓரத்தில் 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கிற சின்ன நெம்புகோலை அமுக்கினேன். கப்சிப். "இடது பக்கப் பின்கதவுப் பூட்டைக் கழற்றிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என் காப்பியைக் குடிக்கப் போய்விட்டேன். கழற்றிப் பார்த்தால் அதுதான். முதலாளி பிரென்னர் அன்றைக்கு முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க ஃப்ராவ் கருப்பையாவுக்குக் காதிலேயே கருவி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃப்ராவ் என்றால் திருமதி. கருப்பையா என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அதைத்தான் போட்டேன். அதனால் என்னை இங்கே தவமணி என்று கூப்பிட வீட்டில் ஒரு ஆள், கடையில் ஒரு ஆள் இருந்தால் அதிகம். மற்றபடி வங்கியில், ஆஸ்பத்திரியில், பட்டறையில் எல்லாம் கருப்பையாதான். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஊரில், ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவையாவது ஒரு வெள்ளைக்காரன் வாயில் என் அப்பா பெயர் வருகிறது. மார்க்கையன்கோட்டையில் உட்கார்ந்திருக்கிற அவருக்குப் புரையேறாமல் இருக்குமா?

அந்த வண்டி ஊரில் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதே மாடல், அதே நிறம், அதே இடது பக்கப் பின்கதவு. கம்பெனி பெயரைச் சொன்னால் விளம்பரம் பண்றியா என்பீர்கள். மூக்குக்கு மேல் மூணு முனை நட்சத்திரம் நிற்கிற ஜெர்மன் வண்டி, அவ்வளவு போதும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் 'ஸ்டார் வண்டி'. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் முப்பது வயசைத் தாண்டின, கல்யாணமானவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கல்யாண ஆல்பத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எங்கள் வண்டி இருந்தாலும் இருக்கும்.

2

அப்பா ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஒருவரிடம் டிரைவர். குமுளிக்கு மேலே தோட்டம். முதலாளி மலையாளி. சிங்கப்பூரில் இருந்த அவருடைய தம்பி ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது இந்த வண்டி. அங்கேயும் நம்மைப் போல வலது பக்க ஸ்டியரிங் என்பதால் தப்பித்தது.

எழுபதுகளின் நடுவில் வந்து, பத்து வருஷம் போல விற்ற மாடல். மொத்தம் இருபத்தாறு, இருபத்தேழு லட்சம் வண்டி ஓடியிருக்கிறது என்று பிரென்னர் சொல்வார். வந்த புதிதில் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்களாம் ஜனங்கள். சொகுசு வண்டி என்றால் பறக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் டீசல் வண்டி பறக்கவெல்லாம் செய்யாது. நூறைத் தொட இருபது செகண்டுக்கு மேல் ஆகும். சாவியைத் திருப்பியதும் கிளம்பவும் கிளம்பாது. மஞ்சள் விளக்கு ஒன்று எரியும், உள்ளே கம்பி சூடேறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு நிமிஷ மௌன அஞ்சலி என்று இங்கே அதைக் கிண்டலடிப்பார்கள். ஆனால் கிளம்பிவிட்டால் மகராசி நிற்க மாட்டாள். முன்னும் பின்னும் மோதினால் நசுங்குகிற மாதிரி, நடுவில் ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் நசுங்காத மாதிரி கட்டியிருக்கிறான். குமுளி மலைப்பாதையில் பள்ளம் மேடு எதுவும் பின்சீட்டுக்குத் தெரியாது. மடியில் பால் செம்பை வைத்துக்கொண்டு போகலாம்.

முதலாளிக்கு வயசாகி எர்ணாகுளத்தில் மகன் வீட்டோடு போகிறபோது சாவியை அப்பா கையில் வைத்து, "இது நீ எடுத்தோ, கருப்பையா" என்றாராம். அப்பா வண்டியோடு மார்க்கையன்கோட்டைக்கு வந்தார். வந்ததும் நேராகக் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய் ஒரு பூஜை போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார்.

சந்தன வெள்ளை நிறம். மல்லிகைச் சரம் சுற்றி, நட்சத்திரத்துக்கு ஒரு ரோஜாப்பூ மாலை போட்டு அது வந்து நின்றால் மண்டபமே எட்டிப் பார்க்கும். மந்திரி வண்டி என்பார்கள்.

நான் கல்யாணமாகி முதன்முதலில் ஸ்டுட்கார்ட் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தபோது அதே சந்தன வெள்ளையில் வரிசையாக நாற்பது வண்டி நிற்கிறது. இன்றைக்கு இத்தனை கல்யாணமா என்று நின்றுவிட்டேன். அப்புறம்தான் கூரையில் இருந்த பலகையைப் பார்த்தேன். டாக்ஸி. அந்த நிறம் இங்கே டாக்ஸிக்கென்றே சட்டம் போட்டு வைத்த நிறம். எங்கள் மாடலும் ஒரு காலத்தில் ஊர் முழுக்க டாக்ஸியாய் ஓடினதுதான்.

அன்றைக்கே அப்பா போனில் கேட்டார். "அங்கன நம்ம வண்டி மாதிரி ஓடுதா ஆத்தா?"

"ஓடுதுப்பா. பெரிய பெரிய ஆளுகதான் அதுல போறாக" என்றேன். கூசாமல் சொன்ன பொய். இருபத்தைந்து வருஷமாய்க் காப்பாற்றி வருகிறேன்.

3

இனி அந்தப் பானட்டுக் கதை.

பெட்ரோல் எஞ்சினில் சாவியைத் திருப்பினால் கரண்டு போகும், பொறி போகும், எஞ்சின் நிற்கும். டீசலுக்குப் பொறியே கிடையாது. டீசல் வரத்தை அடைத்தால்தான் அது நிற்கும். இந்த வண்டியில் அதை அடைப்பது கரண்டு இல்லை, உறிஞ்சல். எஞ்சினோடு ஒரு பம்பு சுற்றிக்கொண்டே மெல்லிசான குழாய்களில் இருக்கிற காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும், இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி. அந்த உறிஞ்சலில்தான் பிரேக் மெத்தென்று பிடிக்கும், ஒரே சாவியில் நாலு கதவும் பூட்டும், எஞ்சினும் நிற்கும். பிரேக்குக்கு மட்டும் புண்ணியவான் தனியாக ஒரு வால்வு வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். மற்றதெல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். கதவுப் பூட்டுக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்து காற்று உள்ளே போனால், எஞ்சின் நிற்காது. கதவுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம்.

எங்கள் வண்டியில் கிழிந்தது இடது பக்கப் பின்கதவு. கல்யாணப் பெண் ஏறுகிற கதவு. பின்னே, பட்டுச்சேலை மாட்டிக்கொண்டதா, மாலை மாட்டிக்கொண்டதா என்று அத்தனை பொம்பளைகளும் திறந்து திறந்து அறைந்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதனால் அப்பா ஒவ்வொரு மண்டபத்து வாசலிலும் வண்டியின் மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டு இறங்குவார். முன்னால் போவார். பானட்டைத் தூக்குவார். சாதாரணமாகத் தூக்க மாட்டார். இந்த வண்டியின் பானட்டுக்கு ஒரு விசேஷம், கீலில் உள்ள ஒரு பிடியை விலக்கினால் நேர் செங்குத்தாக, சுவர் மாதிரி நிற்கும். மெக்கானிக் நெருங்கி நின்று வேலை பார்ப்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறான். அப்பா அந்தச் சுவருக்குப் பின்னால் போய் நெம்பை அமுக்குவார். எஞ்சின் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு வந்து பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

ஜனங்கள் அதை என்னவென்று நினைத்தார்கள் தெரியுமா? முறை என்று நினைத்தார்கள். எஞ்சினைக் கும்பிட்டு, வண்டியின் சூட்டை அடக்கி, அப்புறம் பெண்ணை இறக்குகிறார் என்று நினைத்தார்கள். ரெண்டு வருஷத்தில் அது சாஸ்திரமே ஆகிவிட்டது. சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்கு வேறு ஒரு காரில் பெண் வந்திறங்க, ஒரு பெரியம்மா குறுக்கே விழுந்து மறித்தாராம். "ஏலே டிரைவரு, பானட்டைத் தூக்கலையேலே! பொண்ணு இப்படியே இறங்குனா வெளங்குமா?" அந்த டிரைவர் திருதிருவென்று விழித்து, பானட்டைத் தூக்கி, எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் பேட்டரியைக் கும்பிட்டானாம். இன்றைக்கும் எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு இன்னோவா வந்தாலும் சரி, நேற்று வந்த பேட்டரி கார் வந்தாலும் சரி, பானட்டைத் தூக்கின பிறகுதான் பெண் இறங்கணும். ஒரு கிழிந்த ரப்பர் செய்த வேலை.

என் கல்யாணத்துக்கும் அப்பாதான் ஓட்டினார். அன்றைக்குப் பானட்டுக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு உருப்படியை முடித்து அடுத்ததை எடுத்துவிட்டார். எனக்குக் கழுத்தில் மாலை அறுக்கிறது, உள்ளே வேர்க்கிறது. எஞ்சின் எப்போதோ நின்றாயிற்று. மகள் கல்யாணத்தன்றுகூட இவருக்கு வண்டிதானா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஆத்திரம் அன்றைக்குப் புதிதாக வந்தது இல்லை. எனக்குப் பதினோரு வயசில் அம்மா போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்குள் பேச்சி அத்தை, அப்பாவின் தங்கை, என்னைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருக்கிறாள். ஊரே அழுகிறது. அப்பா எங்கே என்று பார்த்தால், துக்கத்துக்கு வந்திருந்த முதலாளியின் வண்டி வாசலில் பானட்டைத் தூக்கி நிற்கிறது. கீழே அப்பாவின் கால் ரெண்டும்தான் தெரிகிறது. பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். இதை நான் மறக்கவே இல்லை. ஜெர்மனிக்குப் போகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னபோது, சரி என்று உடனே தலையாட்டினேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

4

என் மகள் கயல் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் யோசிப்பது ஜெர்மனில். அவள் தாத்தாவிடம் "நீ சாப்பிட்டியா, நீ தூங்கினியா" என்றுதான் பேசுவாள். நான் "நீங்கன்னு சொல்லுடி" என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அப்பாதான் விடமாட்டார். "அவளை ஏன் வையிற? இந்த வயசுல என்னை நீன்னு கூப்பிட யார் இருக்கா?" என்பார். பதினைந்து வயசுக்கு மேல் அந்தப் போன் பேச்சும் குறைந்தது. பண்டிகைக்கு ரெண்டு நிமிஷம். அப்புறம் அதுவும் வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பின படம். பிள்ளைகள் விலகிப்போவது சண்டை போட்டு இல்லை. தண்ணீர் வற்றுகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

அவள் யோனாஸைக் கூட்டிவந்து நிறுத்தினாள். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன், சைக்கிளில்தான் எங்கேயும் போவான். கல்யாணப் பதிவு அலுவலகத்துக்கு என்னுடைய பழைய காகிதங்களும் வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, என் கல்யாணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. "இந்த மூன்று ஆண்களும் யார்?" என்று கேட்டாள் அந்த அலுவலகத்து அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு நாலு மாசம் ஆனது.

பதிவு முடிந்ததும் கயல் சொன்னாள். "அம்மா, ஊர்லயும் ஒண்ணு வைக்கலாம். தாத்தா வண்டியில போகணும். அவர் ஓட்டணும்." எனக்குக் காதை நம்ப முடியவில்லை. சின்ன வயசில் ஊருக்குப் போனபோது அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, ஆற்றுப்பாலம் வரைக்கும் கூட்டிப்போவார் அப்பா. அது அவளுக்குள் தங்கியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபத்தெட்டு வயசு மனுஷர் போனிலேயே குதிக்கிறார். ஆனால் ஒரு வாரத்தில் குரல் இறங்கிப்போனது.

"ஆத்தா, ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சாவிய எடுத்தாக. எஞ்சினு நிக்கலை. சாவியில நிக்காத வண்டிய எப்படிப்பா ரோட்டுல விடுறதுன்னு கேட்டாக. சரிபண்ணிக் கொண்டாங்க, இல்லைன்னா ஒடைக்கக் குடுத்துருங்கன்னுட்டாக."

"அவர் சொல்றதுல என்னப்பா தப்பு?"

"தப்புன்னு சொல்லலை."

"நான்தான் அந்தப் பூட்டு அனுப்பினேனே! மாட்டலையா?"

"மாட்டுனேன் ஆத்தா. அது திரும்பப் போயிருச்சு."

கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. என்னிடம் கயல் அதிகமாக எதையும் கேட்டவள் இல்லை. கேட்ட ஒன்றையும் ஒரு ரப்பர் கெடுக்கப் பார்க்கிறது. புதுப் பூட்டு ஒன்று, குழாய் நாலு மீட்டர், இணைப்பு எல்லாம் பிரென்னர் தானே கட்டிக் கொடுத்தார். மதுரை ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "என்னம்மா இது, ஆஸ்பத்திரி சாமானா?" என்றார். "ஆமா சார், வயசான ஆளு ஒருத்தருக்கு" என்றேன்.

5

வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டவுடன் கயலுக்கு ஊசி நூல் தேடினேன். அப்பாவின் அலமாரியில் பிஸ்கட் டப்பா ஒன்று. திறந்தால் உள்ளே மூணு அட்டைப்பெட்டி, என் கையெழுத்தோடு. பதினைந்து வருஷத்தில் நான் அனுப்பிய மூணு பூட்டும், உறை பிரிக்காமல்.

எனக்கு வந்ததே கோபம். டப்பாவோடு வாசலுக்குப் போனேன். அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? மாட்டுனேன், திரும்பப் போச்சுன்னீங்க?"

அப்பா டப்பாவைப் பார்த்தார். துடைக்கிறதை நிறுத்தவில்லை.

"பழகிப்போச்சு ஆத்தா. அப்படியே ஓடிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"ஓடிட்டுப் போகட்டும்னா? வண்டிய ஒடைக்கக் குடுக்கச் சொல்றாக! கயலு உங்க வண்டியிலதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஒரு ரப்பர மாட்டுறதுல உங்களுக்கு என்ன கொறஞ்சுபோகுது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீயே மாட்டிரு. உனக்குத்தான் கை வரும்" என்றார்.

மாட்டினேன். இடது பக்கப் பின்கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, மாட்டிக்கொண்டிருந்தபோது யோனாஸைத் திருகாணிகளைப் பிடிக்கச் சொன்னேன். எந்தத் திருகாணி எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே கையில் கலந்துவிட்டான். பேச்சி அத்தை வாயில் வெற்றிலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெர்மன்காரன்னு சொன்னாக. அவுக ஊரு வண்டி அவுகளுக்கே தெரியலையே" என்றாள். கயல் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, யோனாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

எல்லாம் முடிந்து எஞ்சினைக் கிளப்பி, சாவியைத் திருப்பினேன். டக் என்று நின்றது. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு சாவிக்கு அடங்கின எஞ்சின். கயல் கைதட்டினாள். அத்தை குலவை போட்டாள். அப்பா, "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வேலை பார்த்த எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இந்த மனுஷனுக்கு வண்டியும் பிடிவாதமும்தான் சொந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினேன்.

ரெண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "எங்க கல்யாணத்துக்கும் இந்த வண்டிதான்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

6

கல்யாணத்தன்று காலை. மண்டபம் சின்னமனூரில். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு. நான் முன்சீட்டில். பின்னால் கயல், அவளுக்கு அந்தப் பக்கம் பேச்சி அத்தை. யோனாஸ் பட்டுவேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு ஏற்கெனவே மண்டபத்தில்.

டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா சாவியை ஒரு திருப்புத் திருப்பி மஞ்சள் விளக்கு அணையக் காத்திருந்தார். கிளம்பினோம். வாழைத்தோப்புகள், வாய்க்கால், ஆற்றுப்பாலம். பாலத்தில் கயல் முன்னால் சாய்ந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"தாத்தா, நீ அழுவியா?"

"நான் எதுக்குத்தா அழப்போறேன்? நான் ரோட்டப் பாக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரா, அழுவதா?

மண்டபத்து வாசல். மேளம் முழங்குகிறது. ஜனம் சுற்றி நிற்கிறது. அப்பா வழக்கம் போலச் சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்தினார். காலால் பார்க்கிங் பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் நின்றது.

அவ்வளவுதான். இறங்கி முன்னால் போக அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஸ்டியரிங்கில் ரெண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். நாலு பக்கமும் கண்ணாடி, மூணு பக்கமும் ஜனம், கேமராக்காரர்கள் ரெண்டு பேர். அவருடைய தாடை ஆடுகிறது. கண்ணில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கே திரும்புவது என்று தெரியாமல் வலது பக்கம் பார்க்கிறார், அங்கே ஒரு கேமரா. என் பக்கம் பார்க்கிறார், நான். முகத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் கிடைக்காமல் எழுபத்தெட்டு வயசு மனுஷர் தவிக்கிறார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா செத்த அன்றைக்கு வாசலில் நின்ற பானட்டு. என் கல்யாணத்தில் ரெண்டு உருப்படி நேரம் நின்ற பானட்டு. இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டபோதெல்லாம், துண்டால் முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு வந்த அப்பா. டப்பாவுக்குள் பிரிக்காமல் கிடந்த மூணு பூட்டு. அட, மடச்சி. ஐம்பது வயசு வரைக்கும் என்னத்தைத்தான் பார்த்தேன் நான்? நாற்பது வருஷமாக அந்த மனுஷன் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு இடத்தையும் போன வாரம் நான்தான், என் கையாலேயே, அடைத்துவிட்டேன்.

கயல் கதவில் கை வைத்துவிட்டாள். "இருடி" என்றேன். இறங்கினேன். சுற்றிப்போய் அப்பா பக்கத்துக் கதவைத் திறந்து, அவர் காலுக்கு மேலே இருந்த பிடியை இழுத்தேன். பானட்டு டப்பென்று வாய் விட்டது.

"அப்பா, எஞ்சின்ல ஏதோ சத்தம் வருது. செத்த வந்து பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இறங்கி வந்தார். நான் பானட்டைத் தூக்கி, கீல் பிடியை விலக்கி, நேர் செங்குத்தாக நிறுத்தினேன். ரோஜாமாலையும் நட்சத்திரமும் அந்தப் பக்கம் ஜனங்களோடு போய்விட்டன. இந்தப் பக்கம் சூடான எஞ்சின், அவர், நான்.

அப்பா ரெண்டு கையையும் மட்கார்டில் ஊன்றினார். சத்தமே இல்லாமல் தோள் குலுங்கியது. நான் அவர் முதுகில் கை வைத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"உங்கம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அழுங்கப்பா" என்றேன். எனக்கும் வழிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதான் சரிபண்ணிட்டியே ஆத்தா. எஞ்சினு அப்பவே நின்னுருச்சே. வெளியில நிக்கிறவுக என்ன நெனப்பாக?" என்றார்.

"யாருக்குப்பா தெரியப்போகுது? நாம ரெண்டு பேருந்தானே இங்கன நிக்கிறோம்."

அந்தப் பக்கம் யாரோ கயலின் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. உடனே வண்டிக்குள்ளிருந்து பேச்சி அத்தை போட்ட அதட்டலில் மேளமே ஒரு அடி தப்பியது.

"ஏ, யாருடி அவ? கதவ மூடு! அங்கன அப்பனும் மகளும் இன்னும் எஞ்சின நிப்பாட்டி முடிக்கலை!"